எங்கள் லைன் தண்ணீர் குடித்த நாள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். அவருடைய முதுகு வலி மட்டும் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி கூடவே இருக்கிறது. அங்கே நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, லீவு நாளிலாவது நன்றாகத் தூங்கி எழுந்து இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கவரைப் பார்த்ததும் நினைப்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய், நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அதை முடித்து வைத்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பா லோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், வீடு அமைதியாக இருக்கிறது. அமைதி என்றால் நம் தெருவின் அமைதி, தெரியுமல்லவா. கன்டெய்னர் லாரி ஒவ்வொன்று போகும்போதும் அலமாரியில் டம்ளர்கள் நடுங்குகின்றன, நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு அது போகும் வரை காத்திருந்து மறுபடி எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் லாரிக்காரனைத் திட்டிக்கொள்.

ஊர் விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பந்து விளையாடிய மைதானத்தில் இப்போது லாரிகள் படுத்திருக்கின்றன. அதற்கு அந்தப் பக்கம் இருந்த கண்ணாடி கம்பெனி பக்கத்து இடங்களையும் வளைத்துப்போட்டுப் பெரிதாகிவிட்டது. நீ கிளம்பிப் போனபோது நம் நிறுத்தத்தில் ஒரே ஒரு கம்பெனி பஸ் வரும், இப்போது காலையில் வரிசை கட்டி நிற்கின்றன. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் எது எந்தக் கம்பெனி என்று தெரியாமல் ஏறி, வேறு கம்பெனி வாசலில் இறங்கித் திருதிருவென்று முழிக்கிறார்கள். முடி வெட்டுகிறவர் வாடகை கட்டுப்படியாகாமல் கடையைக் காலி செய்துவிட்டார், அந்த இடத்தில் பூட்ஸும் கையுறையும் விற்கிறார்கள். தெரிந்த முகத்தைவிடத் தெரியாத முகம்தான் தெருவில் அதிகம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, பிழைக்க வந்தவர்கள், நானும் அவர்களோடு இடித்துப் பிடித்துத்தான் தினமும் பஸ் ஏறுகிறேன். தண்ணீர்தான் பாடாய்ப் படுத்துகிறது. குழாயில் வருவது துருவின் நிறத்தில் வருகிறது, அதுவும் நினைத்தால்தான் வருகிறது. உன் அப்பா பழைய லாரியை விட்டுவிட்டுத் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார் என்று சொன்னேன் அல்லவா, ஊருக்கு வெளியே கிணறு கிணறாகப் போய் இறைத்துக்கொண்டு வந்து கம்பெனிகளுக்கு ஊற்றுகிறார். அவர் பெண்டாட்டி நான் வாளியோடு தெருமுனையில் வரிசையில் நிற்கிறேன். இதைச் சொல்லிக் காட்டினால் சிரித்து மழுப்பிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறார், குளிக்கவும் தண்ணீர் இல்லை என்பது உள்ளே போன பிறகுதான் அவருக்கு ஞாபகம் வரும்.

உன் அறையை இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருப்பது உனக்குத் தெரியும். ஒருத்தி பகல் ஷிப்ட், ஒருத்தி இரவு ஷிப்ட், கட்டில் ஒன்றே ஒன்று. ஒருத்தி எழுந்து போனால் மற்றவள் வந்து படுக்கிறாள், உன் தலையணைக்கு ஓய்வே கிடையாது. பகலில் போகிறவள் என் லைனிலேயே வேலை பார்க்கிறாள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். பஸ்ஸில் பேசுவாள், சாப்பிடும்போது பேசுவாள், தூக்கத்திலும் பேசுகிறாளோ என்னவோ, அதை இரவு ஷிப்ட்காரிதான் சொல்ல வேண்டும், அவள் அப்போது வீட்டில் இருப்பதில்லை. இந்த ரேடியோவைப் பற்றித்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது, போனில் நீ கேட்காமல் விட்டதும் இதுதான்.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். வண்டிகளுக்குள் போகிற வயர்களைச் சேர்த்துக் கட்டுகிறோம். பலகை நகர்ந்துகொண்டே வரும், அவரவர் முன்னால் வரும்போது அவரவர் வயரை வைத்து டேப் சுற்றி அனுப்ப வேண்டும். நான் சேர்ந்த புதிதில் பலகை ஆடி அசைந்து வரும், நடுவில் மூக்கைச் சொறிய நேரம் இருக்கும். ஊரில் கம்பெனி பெருகப் பெருகப் பலகையின் வேகமும் ஏறிவிட்டது, ஆள் மட்டும் அதே ஆள்தான். பாத்ரூம் போக வேண்டும் என்றால் கை தூக்க வேண்டும். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் நீல அட்டை தொங்கும், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டு வந்து மறுபடி தொங்கவிட வேண்டும். போனவள் இடத்தில் நிற்க ரிலீவர் ஒருத்தி இருக்கிறாள். ஒரு ரிலீவர், ஒரு அட்டை, லைனில் நாற்பது பேர். உனக்குக் கணக்கு நன்றாக வரும், நான் போட்டுக்காட்ட வேண்டாம்.

இதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். முறை கைமாற்று. ஆளுக்கு ஒரு முறை உண்டு, இன்று எனக்கு வேண்டாம் என்றால் என் முறையை உனக்குத் தருவேன், நாளைக்கு நீ எனக்குத் திருப்பித் தர வேண்டும். யார் யாருக்கு எத்தனை தர வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். தூரமாகும் நாட்களில் இருப்பவளுக்கு முதல் உரிமை, அடுத்தது மாசமாக இருப்பவளுக்கு, அப்புறம் சர்க்கரை உள்ளவளுக்கு, கடைசியில் மற்றவர்கள். மற்றவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். காலையில் எழுந்ததிலிருந்து உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. பஸ் ஏறும்போது எல்லோர் பையிலும் நிறைந்த பாட்டில் இருக்கும், இறங்கும்போதும் அதே பாட்டில் அப்படியே நிறைந்திருக்கும், வீட்டுக்கு வந்து அதைச் செடிக்கு ஊற்றுவோம். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம் போ. காலையில் எல்லா லைனையும் நிறுத்தி வைத்துக் கையைக் காலை ஆட்டச் சொல்லி மைக்கில் பேசுவார்கள் அல்லவா, அதில் ஒருநாள் எங்கள் லைனைப் பாராட்டினார்கள், நாங்கள்தான் குறைவாக பாத்ரூம் போகிறோமாம். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஒரு அட்டையை வைத்துக்கொண்டு இவ்வளவு ஒழுங்காகச் சமாளித்தால் இன்னொன்று எதற்கு என்றுதானே யாரும் நினைப்பார்கள், அது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

ரேடியோ இளகின மனசுக்காரி, சின்ன வயது, தனக்கு ஒன்றும் ஆகாது என்று தன் முறையை வாரி வாரிக் கொடுத்துவிடுவாள். லைனில் பாதிப்பேர் அவளுக்குத் திருப்பித் தர வேண்டியவர்கள். போன மாதம் அவள் பேச்சு குறைந்தது. பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். சண்டை ஏதாவதா, வீட்டு ஞாபகமா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒருநாள் டேப் சுற்றிக்கொண்டிருந்தவள் பலகையைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள், பலகை அவளைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. உடம்பு கொதித்தது. நானும் அப்பாவும்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறிவிட்டது என்றார். ஒருநாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று அவர் கேட்டதற்கு இவள் ஏதோ ஜோக் கேட்ட மாதிரி சிரித்தாள். ஒரு வாரம் உன் கட்டிலில் கிடந்தாள், இரவு ஷிப்ட்காரி தரையில் படுத்துக்கொண்டாள், முகம் சுளிக்கவில்லை. அதற்குள் கம்பெனியிலிருந்து, அவள் தற்காலிக ஆள்தானே, உடம்பு தேறினாலும் இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குப் பஸ்ஸில் நான் எழுந்து நின்று சொன்னேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை, உனக்குத் தெரியும் நான் மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வியாழக்கிழமை கைமாற்று கிடையாது, யாரும் யாருக்கும் முறை தர வேண்டாம், எல்லோரும் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம், அவசரம் வந்தால் விதிப்படி கை தூக்குவோம் என்றேன். சர்க்கரைக்காரி முதலில் பயந்தாள். மாசமாக இருப்பவள்தான் சொன்னாள், தான் கைமாற்றாக வாங்கிய முறை முழுக்க அந்தப் பிள்ளை கொடுத்தது, இதையாவது செய்கிறேன் என்று. வியாழக்கிழமை பஸ்ஸில் நீ பார்த்திருக்க வேண்டும், எல்லோரும் பாட்டிலைத் தூக்கிக் கடகடவென்று குடிக்கிறோம், டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னம்மா ஏதாவது வேண்டுதலா என்றார்.

லைன் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான், முதல் கை உயர்ந்தது. அட்டை போனது. அது வருவதற்குள் இன்னொரு கை, அப்புறம் இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லோர் கையும் மேலே. விதிப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அட்டை வரும் வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு கையை மேலே வைத்துக்கொண்டு மறு கையால் டேப் சுற்ற முடியுமா, நீயே சொல். பலகை பாட்டுக்கு வெறுமையாகப் போயிற்று. எங்கள் சூப்பர்வைசர் நெட்டையாக எப்போதும் மணி பார்த்துக்கொண்டே நிற்பதால் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். மணிக்கூண்டு அங்கும் இங்கும் ஓடினார், கத்தினார், லைனை நிறுத்தினார், தொண்டை வறண்டு போய் யாரோ நீட்டிய பாட்டிலை வாங்கி முழுக்கக் குடித்தார், மறுபடி கத்தினார், மறுபடி குடித்தார். நாங்கள் கொக்கிக்கு முன்னால் வரிசையில் நின்றோம், அட்டை இல்லாமல் ஒருத்தியும் போகவில்லை, போனால் அன்றைய வேலை கணக்கில் வராது என்பதும் விதிதான். பக்கத்து லைன்காரர்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள், விஷயம் தெரிந்ததும் அவர்களும் தண்ணீர் டிரம்முக்கு நடந்தார்கள். இதை நான் திட்டம் போடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் மணிக்கூண்டுக்கும் நிற்க முடியவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தார். அவருக்கும் தனி அட்டை கிடையாது, அதுவரை எங்களுக்கு அது தெரியாது. மனுஷன் வேறு வழியில்லாமல் வந்து எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். மாசமாக இருப்பவள் பாவம் பார்த்துத் தன் முறையைக் கொடுக்கப் போனாள், இன்றைக்குக் கைமாற்று கிடையாது என்று பின்னாலிருந்து ஒருத்தி ஞாபகப்படுத்தினாள். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அப்போது சிரித்த சிரிப்பை நாங்கள் இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் சிரித்ததில்லை.

மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு மேடம் இருக்கிறார், குரலே உயராது, உட்காருங்கள் அம்மா என்று நாற்காலி காட்டித்தான் பேசுவார். லாரி காத்து நின்றதையும், வாங்குகிறவர்கள் கோபப்பட்டதையும் சொன்னார். யார் ஆரம்பித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். மணிக்கூண்டையும் நிற்க வைத்திருந்தார்கள், இந்த அம்மா தூண்டிவிட்டார் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அட்டை ஒண்ணுதான் மேடம் இருக்கு. எனக்கும் சேத்து அதான்" என்றார். அந்த மனுஷனைப் பற்றி நான் பேசாத பேச்சு இல்லை, அன்றைக்கு எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கடைசியில் மேடம் ஒரு வழி சொன்னார். திங்கட்கிழமை காலை எல்லா லைனும் நிற்கும்போது நான் மைக்கில் இரண்டு வரி பேச வேண்டும். அந்தப் பெண் சாப்பிடாமல் வந்ததால் மயங்கினாள், விவரம் தெரியாமல் நான் அதைப் பெரிதாக்கிவிட்டேன், தவறுதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் என் வேலை இருக்கும். சொல்லாவிட்டால் அன்றோடு நான் வீட்டுக்குப் போகலாம்.

நேற்றுப் போனில் உன்னிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா. வாய் வார்த்தைதானே, சொல்லிவிட்டு வேலையைப் பார் என்றாய். அது பரவாயில்லை, அம்மா மேல் இருக்கிற அக்கறை. அதற்கு அடுத்து, "அந்த சூப்பர்வைசர் எடத்துல நான் இருந்தாலும் இன்னொரு அட்டையக் குடுத்திருக்க மாட்டேம்மா" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். அப்புறம் சிக்னல் போகிறது என்றேனே, சிக்னல் போகவில்லை, நான்தான் வைத்துவிட்டேன். எனக்கு வலித்ததடா. நீ அங்கே உன் கம்பெனியில் லைன் லீடர் ஆன சேதி வந்தபோது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். உன் மேலே இருக்கிறவர்கள் எண்ணிக்கை கேட்கிறார்கள், உனக்கும் நெருக்கடி இருக்கும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. மணிக்கூண்டுக்கும் அதே நெருக்கடிதான் இருந்தது.

அதனால் நான் முடிவு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை மைக்கை வாங்கிக்கொள்வேன். நாக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று இப்போதே சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள், என் வீட்டில் என் கையால்தான் சாப்பிட்டாள், தண்ணீர்தான் குடிக்கவில்லை, நாங்கள் யாருமே குடிக்கவில்லை, இனிமேல் குடிப்போம், லைனுக்கு இன்னும் இரண்டு அட்டையும் இன்னொரு ரிலீவரும் வேண்டும், அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். வாய் வார்த்தைதான் என்று நீ சொன்னது சரி, ஆனால் அது என் வாய், வேறு ஒருவர் எழுதித் தரும் பொய்யை அதால் நான் சொல்ல மாட்டேன். வேலை போகலாம். போனால் இந்த ஊரில் கம்பெனிக்குப் பஞ்சமா, வேறொரு பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன், தவறான பஸ்ஸாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கேயும் அட்டை ஒன்றுதான் என்றால் அங்கேயும் தண்ணீர் குடிப்பேன். அப்பாவிடம் சொன்னேன், வீட்டில் ஒரு டேங்கர் போதாதா என்று கேலி செய்தார், அப்புறம் நாளைக்கு லோடு போக மாட்டேன், கம்பெனி வாசலில் நிற்கிறேன் என்றார். அவர் லோடு போகாத நாள் எது, நீ பார்த்திருக்கிறாயா. சர்க்கரைக்காரி, மாசமாக இருப்பவள், லைனில் இன்னும் பலர் மைக் பக்கத்தில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் எல்லோரும் வருவார்களா என்று தெரியாது, வீட்டில் ஆயிரம் இருக்கும். ஒருத்தியும் வராவிட்டாலும் நான் சொல்வதில் மாற்றம் இல்லை.

ரேடியோ இப்போது எழுந்து நடமாடுகிறாள், நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்து, அண்ணனுக்கு என்னைப் பற்றி என்ன எழுதுகிறீர்கள் என்று துளைக்கிறாள், பேச்சு திரும்பிவிட்டது, இனி யாரும் அணைக்க முடியாது. கடிதத்தை நாளைக்குப் பஸ் ஏறும் முன்னால் பெட்டியில் போட்டுவிடுவேன். இது உன் கைக்கு வரும்போது மைக்கில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பேன், அதனால் வேண்டாம்மா என்று போன் செய்து பயனில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். முதுகைக் குனிந்தே வைத்துக்கொள்ளாதே, அப்பாவின் முதுகு உனக்கு வர வேண்டாம். நீயும் உன் கூட வேலை பார்க்கிறவர்களும் நோய் நொடி இல்லாமல், நெஞ்சு நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். வேலை போனதா இருந்ததா என்று கேட்டு நீ எனக்கு எழுத வேண்டாம், அதை நானே எழுதுவேன். நீ எழுத வேண்டியது வேறு ஒன்று. உன் லைனில் நானும் ஒருத்தியாக வேலை பார்க்கிறேன் என்று வைத்துக்கொள், பலகை நகர்கிறது, உன் எண்ணிக்கை குறைகிறது, மேலிருந்து உன்னைத் திட்டுகிறார்கள். நான் கை தூக்கியிருக்கிறேன். நீ என்ன செய்வாய் என்று எழுது.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகக் கையை இறக்காமல் இருக்கும்
அம்மா